அவளுக்கு ஒன்றும் நினைவில்லையாம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 57 வயது ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. மகனும் மகளும் படிப்பை முடித்து வெளியூர்களில் வேலையில் இருக்கிறார்கள். கடனும் இல்லை, சொல்லும்படியான நோயும் இல்லை. ‘உங்களுக்கு என்னதான் குறை?’ என்று என் மனைவி கேட்பதைப் போல நீங்களும் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவட்டாறு. 1983 முதல் 1986 வரையிலான மூன்று ஆண்டுகள், அதாவது என் 15 வயதிலிருந்து 18 வயது வரையிலான காலம், என் வாழ்க்கையின் வேறெந்தப் பகுதியையும்விடத் தெளிவாக என் மனத்தில் நிற்கிறது. பள்ளி விட்டதும் புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு, கோதையாறும் பரளியாறும் கூடுகிற மூவாற்றுமுகத்தில் இருட்டும்வரை நீந்திக் கிடப்போம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்; நாங்கள் ஆளுக்கொரு வாசலில் நின்றுகொண்டு, நீ முகத்தைப் பார்த்தாயா, நான் பாதத்தைப் பார்த்தேன் என்று சண்டை போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைச் சைக்கிளில் மாத்தூருக்குப் போவோம். 1966-இல் கட்டிய அந்தத் தொட்டிப்பாலத்தின்மேல் 115 அடி உயரத்தில், தண்ணீர் ஓடும் தொட்டியின் ஓரமாக நடக்கும்போது, கீழே தென்னந்தோப்புகளின் தலைகள் தெரியும். எங்களில் தபால்காரர் மகன் கீழே பார்க்கவே மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு பேக்கரிக்காரர் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவான். அவனுக்கு ஏத்தங்காய் வற்றல் என்றால் உயிர். இன்னொருவன் திருவனந்தபுரம் வானொலியின் மலையாளப் பாட்டுகளைத் தவிர வேறு எதையும் பாட மாட்டான். இப்படி எல்லாமே எனக்கு நினைவிருக்கிறது.

மாசி மாதச் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போவோம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று 12 சிவாலயங்களையும் காவி வேட்டியுடன், கையில் பனையோலை விசிறியுடன், ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு ஓடியும் நடந்தும் கடந்து திருநட்டாலத்தில் முடித்துவிட்டு வீடு வந்தால், கால் கொப்புளங்களுக்கு வெந்நீரும் நல்லெண்ணெயும் தயாராக இருக்கும். 1986 ஜூனில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் ஊரே கூடும். இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம். மரடோனா கோப்பையை வாங்கிய அந்த இறுதியாட்டத்துக்குப் பிறகு, மழையில் நனைந்தபடி நான் வீடு திரும்பும்போது இரவு 2 மணி. எந்த நேரத்தில் திரும்பினாலும் அடுக்களைக் கதவு திறந்திருக்கும். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சூடாறாமல் இருக்கும். அந்தக் காலத்து வீடுகள் அப்படி இருந்தன. அப்பாவுக்கு 60 சென்ட் ரப்பர் இருந்தது. விடியும் முன்பே அவரும் தங்கையும் விளக்குடன் தோட்டத்துக்குப் போவார்கள். நான் படித்துக்கொண்டிருந்ததால் என்னை எழுப்ப மாட்டார்கள். ஒட்டுப்பாலின் அந்த நாற்றம்கூட இன்று எனக்கு இனிக்கிறது. அம்மா 1984-இல் இறந்துவிட்டார்கள்; அதன் பிறகு தங்கை ஒன்பதாம் வகுப்போடு நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டாள் என்பதால் வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

என் வருத்தம் என்னவென்றால், இவற்றைப் பகிர்ந்துகொள்ள இன்று எனக்கு ஒருவரும் இல்லை. வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றை நான்தான் தொடங்கினேன். அதில் மூவாற்றுமுகத்தைப் பற்றியும் மாத்தூரைப் பற்றியும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரவு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதன் பிறகு யாரோ நிலத்தின் விலையைப் பற்றியோ சர்க்கரை நோய்க்கான மருந்தைப் பற்றியோ போடுகிறார்கள். பேக்கரிக்காரர் மகனை நேரில் பார்த்து, தொட்டிப்பாலத்தில் நடந்ததைச் சொன்னபோது, ‘அப்படியா, நான் இருந்தேனா?’ என்று கேட்டான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியோ, நான் வாயைத் திறந்தாலே, ‘திருவட்டாறு வண்டி கிளம்பிவிட்டது’ என்கிறார். பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை. ஊரும் பழைய ஊராக இல்லை. நாங்கள் நின்று கதை பேசிய கடைத் திண்ணைகள் போய்விட்டன, வயல்கள் ரப்பராகவும் வீடுகளாகவும் மாறிவிட்டன. ஒருவருக்கும் இதில் ஒரு வலியும் இல்லை.

சொந்தத் தங்கையே இப்படி இருந்தால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? மச்சில் ஒரு டிரங்குப் பெட்டியில் என் பழைய நோட்டுப் புத்தகங்கள், விசிறி, தோழர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் வைத்திருந்தேன். சென்ற ஆண்டு கேட்டபோது, கரையான் பிடித்துவிட்டது, அள்ளிக் கொளுத்திவிட்டேன் என்றாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘எனக்கு அதெல்லாம் ஒன்றும் நினைவில்லை அண்ணா’ என்று முடித்துவிடுகிறாள். கணவர் இறந்த பிறகு 2008-இல் மகளுடன் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள் அவள். இப்போது 86 வயதாகும் அப்பாவையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். திருவனந்தபுரத்தில் அவள் மகளுக்குக் குழந்தை பிறந்தபோதுகூட, அப்பாவைத் தனியே விட முடியாது என்று மூன்றாம் நாளே திரும்பிவிட்டாள். நானும் மாதாமாதம் பணம் அனுப்பத் தவறியதில்லை. ஓணம், தீபாவளி, அம்மாவின் நினைவு நாள் என்று ஆண்டுக்கு மூன்று முறையாவது போய்விடுகிறேன்.

இந்த ஓணத்துக்கு எங்கள் வகுப்பிலிருந்து 22 பேரை, அந்தப் பழைய வீட்டு முற்றத்திலேயே வாழையிலை போட்டு உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை. 2022 ஜூலையில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு ஆதிகேசவப் பெருமாளுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது, 14 பேரை அழைத்துப் போயிருந்தேன். அன்றைய சாப்பாட்டை எல்லோரும் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் இம்முறை தங்கை, ‘முடியாது அண்ணா’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளாக என்னைக் கூப்பிடுவதில்லை. அப்பாவுக்கு மருந்து வேண்டுமென்றால் மட்டும் ஒரு வரி செய்தி வருகிறது. ஒரு நாள் இரவு 2 மணிக்கு விழிப்புத் தட்டியபோது, அப்பா போன பிறகு இவள் என்னோடு பேசாமலேயே இருந்துவிடுவாளோ என்று தோன்றியது. தேவையற்ற எண்ணம், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, அந்தக் கூடுகை நடக்காமல் போனதில் தோழர்கள் ஒருவருக்கும் ஏமாற்றமே இல்லை என்பதைத்தான். ‘சரி, பிறகு பார்க்கலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இந்த ஏக்கம் ஒரு நோயா? ஓய்வு பெற்ற பிறகு திருவட்டாற்றுக்கே போய்க் குடியிருந்தால் இது தீருமா? நான் மட்டும் ஏன் இப்படி இருக்கிறேன்? தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
நாகர்கோவில்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது மூவாற்றுமுகத்தின் தண்ணீர் என் காலையும் நனைத்தது. இந்த மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டாம் முறை உங்கள் குறைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். மூன்றாம் முறை ஒரே ஒரு வாக்கியத்துக்காகத் திரும்பிப் போனேன். ‘அப்பா போன பிறகு இவள் என்னோடு பேசாமலேயே இருந்துவிடுவாளோ’ என்று எழுதிவிட்டு, ‘அதை விடுங்கள்’ என்கிறீர்கள். கடிதத்தின் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட எனக்குச் சம்மதம். அதை மட்டும் விட முடியாது.

நீங்கள் நேரடியாகக் கேட்டவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய நாட்களுக்கான ஏக்கத்தை ஒரு காலத்தில் மருத்துவர்கள் நோய் என்றுதான் எண்ணினார்கள். 1688-இல் யோகன்னஸ் ஹோபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர், வீட்டை விட்டுத் தொலைவில் இருந்தவர்களை வாட்டிய ஏக்கத்துக்கு ஒரு நோய்ப்பெயரே சூட்டினார். இன்று உளவியலில் அதை நோயாகக் கொள்வதில்லை. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே மிகுதியாக வருகின்றன என்பது பலமுறை கண்டறியப்பட்ட செய்தி. ஆகவே நீங்கள் மட்டும் இப்படி இல்லை. உங்கள் தோழர் தொட்டிப்பாலத்தை மறந்ததும் துரோகமில்லை; அவருக்கு வேறு ஏதோ ஒரு நாள் நினைவிருக்கும், அதில் நீங்கள் இல்லாமல் இருக்கலாம். உங்கள் மனைவியின் கேலியையும் பெரிதுபடுத்தாதீர்கள். ஒரே கதையை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே உங்களுடன் இருப்பவர் அவர்.

இனி என்னைக் கவலைக்குள்ளாக்கியவற்றைச் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து திருவட்டாறு சுமார் 30 கிலோமீட்டர். தக்கலை வழியாகப் பேருந்தில் போனாலும் காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்கு வெகுமுன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த ஊர் கடல் கடந்து இருப்பதைப் போல ஒலிக்கிறது. உங்களுக்கு அடங்காத ஏக்கம் இருக்கிறது. ஏங்கும் இடம் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று முறைதான் போகிறீர்கள். ஊர் மாறிவிட்டது என்று காரணம் சொல்கிறீர்கள். ஊர் மாறிய இடங்களில் உங்களுக்கு வலிப்பது உண்மைதான். ஆனால் ஊர் மாறாமல் இருக்கிற ஓர் இடமும் உண்டு, அங்கே நிற்பதுதான் உங்களுக்கு அதைவிடக் கடினமாக இருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன். அந்த வீட்டு அடுக்களையைச் சொல்கிறேன்.

உங்கள் வாக்கியங்களை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். வெந்நீரும் நல்லெண்ணெயும் ‘தயாராக இருக்கும்’. அடுக்களைக் கதவு ‘திறந்திருக்கும்’. கிழங்கும் கறியும் ‘சூடாறாமல் இருக்கும்’. தபால்காரர் மகனுக்கு ஏத்தங்காய் வற்றல் பிடிக்கும், இன்னொருவருக்கு மலையாளப் பாட்டு பிடிக்கும் என்றெல்லாம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரைந்து காட்டுகிற நீங்கள், வீட்டுக்குள் வந்ததும் ஆளே இல்லாத வாக்கியங்களை எழுதுகிறீர்கள். ‘அந்தக் காலத்து வீடுகள் அப்படி இருந்தன’ என்கிறீர்கள். எந்தக் காலத்து வீடும் இரவு 2 மணிக்குத் தானாகக் கதவைத் திறந்து வைத்ததில்லை, சகோதரரே. அம்மா இறந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த அந்த 1986 ஜூன் மழையிரவில், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு சிறுமி, அண்ணன் வரும்வரை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறாள். ரப்பர் வீட்டு வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் மரத்துக்கு மரம் போய், வெட்டுக்கு முன்னால் பட்டையில் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுக்க வேண்டும். வெட்டு முடிந்து சில மணி நேரம் கழித்துச் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுக்க வேண்டும். ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, காயப்போட வேண்டும். இதற்கு நடுவில் விறகடுப்பில் மூன்று வேளைச் சமையல். ‘நான் படித்துக்கொண்டிருந்ததால் என்னை எழுப்ப மாட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவளும் படித்துக்கொண்டிருந்தவள்தான்.

இதை உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்போது 16 வயதுதான்; இன்னார் படிக்க வேண்டும், இன்னார் அடுப்படிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தது நீங்கள் அல்ல. ஆனால் இன்று உங்களுக்கு 57 வயது. 16 வயதில் பார்க்காமல் விட்டதற்கு நீங்கள் பொறுப்பில்லை. இப்போதும் பார்க்காமல் எழுதுவதற்குப் பொறுப்பு உண்டு.

இன்னொன்றும் கேட்க வேண்டும், அது இதைவிடக் கடினமானது. உங்கள் வாழ்க்கையிலேயே ஒளி மிகுந்த ஆண்டுகள் என்று நீங்கள் சொல்லும் 1983-க்கும் 1986-க்கும் நடுவில்தான் உங்கள் அம்மா இறந்திருக்கிறார்கள். மாத்தூர் பாலத்துக்கு ஐந்து வாக்கியங்கள் கொடுத்த நீங்கள், அம்மாவின் மறைவுக்கு அரை வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தின் மறுபாதியில் ‘வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை’ என்று முடித்திருக்கிறீர்கள். அம்மா இறந்த வீட்டில் ஒரு குறையும் தெரியாமல் ஒரு பையனால் ஆற்றில் நீந்த முடிந்ததென்றால், அந்தக் குறையை முழுதுமாக வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்று பொருள். நீங்கள் அம்மாவுக்காக அழுதீர்களா என்பது எனக்குத் தெரியாது. அழுவதற்கு உங்கள் தங்கைக்கு நேரம் இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளை நீங்கள் ஏன் இப்படி இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு, ஊரின் மாற்றத்தைவிட இதுவே நெருக்கமான காரணமாக எனக்குப் படுகிறது. வெளியே ஓடிக்கொண்டிருந்தவரை உங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு இரவுகளில் நீங்கள் இன்னும் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி உங்கள் தங்கையின் பக்கம் சற்று நிற்கிறேன். அதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவரை நான் அறியேன், உங்கள் எழுத்தின் வழியாக மட்டுமே பார்க்கிறேன், எனவே என் ஊகம் சில இடங்களில் தவறாகவும் இருக்கலாம். ‘எனக்கு ஒன்றும் நினைவில்லை அண்ணா’ என்று அவர் சொன்னதை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது மிகுந்த மரியாதையோடு சொல்லப்பட்ட பதிலாகத் தோன்றுகிறது. எல்லாம் நினைவிருக்கிற ஒருவர், தான் நினைவு வைத்திருப்பதைச் சொன்னால் உங்கள் நாட்கள் கலைந்துபோகும் என்று தெரிந்து, உங்கள் மகிழ்ச்சியைக் காப்பாற்றச் சொல்லக்கூடிய பதில் அது. மூன்று வாசல்களில் நின்று பெருமாளைப் பார்த்த கதையை எழுதியிருந்தீர்கள். உங்கள் பதின்ம வயதையும் நீங்கள் ஒரு வாசலில் நின்றுதான் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த வாசலில் நின்றவரிடம் என்ன தெரிந்தது என்று இதுவரை கேட்கவில்லை.

டிரங்குப் பெட்டியை அவர் கொளுத்தியதற்காக வருந்துகிறீர்கள். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்பதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் பெட்டியை இத்தனை ஆண்டுகளாகக் கரையானிடமிருந்து காத்தவரும் அவர்தானே? அந்த வீட்டில் அவருடைய பெட்டி என்று ஏதாவது இருந்ததா? கும்பாபிஷேகத்தன்று 14 பேர் சாப்பிட்ட சாப்பாட்டை எல்லோரும் இன்றும் சொல்கிறார்கள் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். யார் சமைத்தார்கள் என்று அந்த வாக்கியத்திலும் இல்லை. 418 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த அந்த நாளில், வீட்டுக்கு அருகிலேயே இருந்த அவர் கோயிலுக்குப் போனாரா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், 22 பேருக்கு இலை போட அவர் மறுத்ததில் நீங்கள் வருந்துவதற்கு எதுவும் இல்லை. அறிந்த வரையில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக உங்கள் தங்கை உங்களிடம் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும், உனக்கு ஏன் முடியவில்லை என்று அவரிடம் கேட்காமல், தோழர்களுக்கு ஏமாற்றம் இல்லையே என்று வருந்தப் போய்விட்டீர்கள்.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இரவு 2 மணிக்கு உங்களுக்கு விழிப்புத் தட்டியது. முன்பு அதே நேரத்தில்தான் நீங்கள் வீடு திரும்பி, கதவு திறந்திருக்கக் கண்டீர்கள். அப்பா இருக்கும்வரை அவர் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்; அந்தக் கடமை முடிந்த பிறகு பாசம் என்று தனியே ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி தேவையற்ற எண்ணம் அல்ல. உங்கள் கடிதத்திலேயே மிகத் தெளிவான எண்ணம் அதுதான். உங்களுக்குள் யாரோ ஒருவர் கணக்கைச் சரியாகப் போட்டு வைத்திருக்கிறார். அவரை ‘விடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். அந்த அச்சம் உங்களுக்கு வந்ததைப் பார்த்துத்தான், உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. கூடுகையை வேறு எங்காவது ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வைக்காமலும் இருங்கள். ஓய்வுக்குப் பிறகு அங்கே குடியேறுவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அது அவருடைய வீடும்கூட என்பதை நீங்கள் உணர்ந்த பிறகு, அவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். அலுவலகத்தில் இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள். தனியாகப் போங்கள். அவர் அப்பாவுக்குச் செய்வதையெல்லாம் முதல் மூன்று நாட்கள் உடனிருந்து கற்றுக்கொள்ளுங்கள். மருந்தையும், குளிப்பாட்டுவதையும், இரவில் எழுந்து பார்ப்பதையும் எல்லாம். அதற்குள் ஏதாவது ஒரு மாலையில், அம்மா இறந்த ஆண்டு உனக்கு எப்படி இருந்தது என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அவர் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். ‘இல்லை, அது அப்படி நடக்கவில்லை’ என்று திருத்தாதீர்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அழுது, கடைசியில் உங்களைத் தேற்றும் வேலையையும் அவர் தலையில் வைத்துவிடாதீர்கள். அவர் சொல்வதைக் குழுவில் எழுதவும் வேண்டாம்.

நான்காம் நாள் அவரைத் திருவனந்தபுரத்துக்கு, மகள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். பேரக் குழந்தையைப் பார்க்கப் போய் மூன்றாம் நாளே திரும்பியவர் அவர். இம்முறை பத்து நாட்கள் இருக்கட்டும். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவர் போனில் கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள். திரும்பி வரச் சொல்லாதீர்கள். அவர் வருகிற நாளில் எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழையால் தாமதமானாலும் விழித்திருங்கள். அவருக்கு என்ன கறி பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், முன்கூட்டியே அப்பாவிடம் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்